வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் நாய் வேண்டாம்: உங்கள் அனுபவம் என்ன?

கரிசல்காரன்

போன ஞாயிறு நடந்தது. கோவில்பட்டிப் பக்கம் நண்பன் தோட்டத்தில் சிப்பிப்பாறை நாய் குட்டி போட்டு 45 நாள் ஆச்சு, வந்து ஒன்றை எடுத்துக்கோ என்றான், குடும்பத்தோடு போனோம். எனக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சம்மதம், என் மனைவிக்கு மட்டும் இல்லை. "பாக்கத்தான் வர்றேன், தூக்கிட்டு வர இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் காரிலேயே ஏறினாள்.

திண்ணையில் ஏறும்போது செருப்பைக் கழற்றிப் போட்டாள். அஞ்சு குட்டியில் நாலு என் பையன் காலைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்க, சாம்பல் நிறக் குட்டி ஒன்று மட்டும் நேராக வந்து அவள் செருப்பில் மூக்கை நுழைத்துத் தூங்கிவிட்டது. கிளம்பும் நேரமும் வந்தது. நண்பன் டிக்கியில் தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். மத்தியானம் ஒரு மணி, கரிசல் மண், மே மாத வெயில். இவள் செருப்பை எடுக்காமல் வெறுங்காலோடு கீழே நிற்கிறாள், ஒரு காலைத் தூக்கி மறு காலில், அப்புறம் இதைத் தூக்கி அதில். கால் மணி நேரம் இருக்கும். "எழுப்பி விடட்டுமாக்கா?" என்று நண்பனின் மனைவி கேட்டதற்கும் "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள். தாய் நாய் வந்து குட்டி அதன் பின்னால் போன பிறகுதான் செருப்பைப் போட்டாள்.

காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். கார் மெயின் ரோட்டுக்கு வந்ததும் "வேண்டாம். இதுக்கு மேல இந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்றாள். குட்டியை அடுத்த வாரம் வரை வைத்திருப்பதாக நண்பன் சொல்கிறான். அந்தச் செருப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே தெரியவில்லை.

தெக்கத்திக்காற்று

எங்கள் வீட்டில் வேண்டாம் என்றது அப்பா. தெருவில் மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் தம்பி புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டான். ஊசி கீசி எல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? நாலாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தமாய்ப் போனது. பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். கால்நடை ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் போட்டார்கள், பாட்டிலைத் தொங்கவிட ஸ்டாண்ட் இல்லை. ஆபீஸ் முடிந்து அதே பேண்ட் சட்டையோடு வந்த அப்பாதான் தூக்கிப் பிடித்தார். கை வலித்தால் மறு கைக்கு மாற்றுவார், எங்களிடம் தரமாட்டார். மூணு சாயங்காலம் அப்படி. மூணாம் நாள் பாதி பாட்டில் இருக்கும்போதே போய்விட்டது. டாக்டர் சொன்ன பிறகும் அப்பா கையை இறக்கவில்லை, கம்பவுண்டர்தான் வாங்கி வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது "இதுக்குத்தான் வேணாம்னேன்" என்றார், அவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று டைரியில் எழுதி வைத்திருந்தேன்.

மூணாவதுமாடி

கரிசல்காரன் அண்ணா, செருப்பை வைத்துக் கதை கட்டாதீர்கள். தூங்குகிற குட்டியை எழுப்பாதது மனுஷத்தன்மை, சம்மதம் இல்லை. உங்கள் மனைவி வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதை விட்டுவிட்டு அவர் காலையும் செருப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நானும் வேண்டாம் என்றவள்தான். பிள்ளைகள் ஃபிரிட்ஜில் டைம்டேபிள் எழுதி ஒட்டினார்கள்: திங்கள் புதன் அவன், செவ்வாய் வியாழன் இவள், சனி ஞாயிறு அப்பா. நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில். இரண்டு வாரம் ஓடியது. போன மார்கழி, காலை அஞ்சரை மணி, தூறல், லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் கயிறு, அள்ளுகிற கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு படி இறங்குகிறேன். பால்காரர் நின்று பார்த்துவிட்டு, "உங்க பேர்தான் அந்த அட்டவணையிலேயே இல்லையேம்மா" என்றார். அந்த அட்டவணையைப் பால்காரருக்குக்கூடக் காட்டியிருக்கிறார்கள்!

நாயைப் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள், இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது.

பழையகாவல்

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஆகாது, அப்பா கொண்டுவந்தார், பதிமூணு வருஷம் இருந்தது. கதை அவ்வளவுதான். ஆனால் சில விஷயங்கள் சொல்லணும். முதலாவது, சிப்பிப்பாறை முயல் விரட்டப் பிறந்த ஜாதி. தினமும் ஓட இடம் வேண்டும். இரண்டு பெட்ரூம் வீட்டில் கட்டிப்போட்டால் சோபாவைப் பிரித்துப் போட்டுவிடும், அப்புறம் நாயைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூணு நாலு வாரம் விட்டு அடுத்தது, மூணு மாசத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு வருஷா வருஷம். முதல் சுற்று ஊசி முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாது; பார்வோ அப்படித்தான் வரும், மேலே எழுதிய நண்பர் மன்னிக்கணும். பூச்சி மருந்து, உண்ணி மருந்து தனி. சாக்லேட், திராட்சை, வெங்காயம் கூடாது, அதனால் சாம்பார் சாதம் போட்டு வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள் யோசிக்கவும். வீட்டு நாயே கடித்தாலும் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. மஞ்சள் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வேண்டாம். ஃபிளாட்டில் சங்கத்துக்காரர்கள் மிரட்டினால் பயப்படாதீர்கள். பெரும்பான்மை ஓட்டுப் போட்டுக்கூட நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015லேயே சொல்லிவிட்டது. அப்புறம் தீபாவளி. எங்களுடையது மூணு நாளும் கட்டிலுக்கு அடியில்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் வீட்டில் விடுவது? அதைவிட முக்கியம், உங்கள் பையனுக்கு இப்போது பதினொன்று என்றால் அவன் காலேஜ் போகும்போது நாய்க்கு ஏழு வயசுதான். மிச்சக் காலம் வீட்டில் யார் இருப்பார்களோ அவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முற்றம்

பழையகாவல் சார், ஊசிப் பட்டியல் எல்லாம் சரி, ஆனால் அது நாய் வாங்கியவருக்கு. இவர் வீட்டில் வேண்டாம் என்பவருக்கு ஏன் வேண்டாம் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

என் அம்மாவும் இப்படித்தான், முடி கொட்டும், நாற்றமடிக்கும் என்று ஏதாவது சொல்வார். ஒருநாள் மாமா தன் லேப்ரடாரோடு வந்தார், வாலாட்டுகிற சாது. அம்மா ஊஞ்சலில் ஏறி நின்றுவிட்டார். 58 வயசு, ஊஞ்சல் ஆடுகிறது, இரண்டு சங்கிலியையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். சின்ன வயசில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டதை அன்றைக்குத்தான் சொன்னார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த அப்பாவுக்கே தெரியாது. நாங்கள் எல்லோரும் முதலில் சிரித்தோம், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கரிசல்காரன்

முற்றம் சொன்னது மண்டையில் ஏறியது. நேற்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று, பேச்செடுக்கவில்லை, ஒன்றே ஒன்று மட்டும் சொல், அன்றைக்கு ஏன் வெயிலில் அப்படி நின்றாய் என்று கேட்டேன்.

"செருப்பை இழுத்தா குட்டி முழிச்சுக்கும். முழிச்சா உங்க பையன் தூக்குவான். தூக்கினா அழுதுகிட்டே காருக்குள்ள கொண்டு வந்துருவான், நீங்களும் 'சரி போகட்டும்'னு வண்டிய எடுத்துருப்பீங்க. அதான் நின்னேன்" என்றாள். பயமா என்று கேட்டேன். "பயமெல்லாம் இல்லீங்க, உங்களைத் தெரியும்" என்றாள்.

நண்பனுக்குப் போன் போட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

மூணாவதுமாடி

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். கால் கொப்புளித்திருந்தால் கற்றாழை தடவச் சொல்லுங்கள்.