கலைச்சொல்: போலி வசந்தமா, பொய்வேனிலா?

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் 'false spring' எனப்படுவதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> பிப்ரவரியில் ஒரு வாரம் வெயில் அடித்தாலே குளிர்காலம் முடிந்தது என்கிறார்கள் ஐரோப்பிய, அமெரிக்க வானிலை ஆர்வலர்கள். அப்புறம் பனி திரும்புகிறது. இதற்குப் 'போலி வசந்தம்' போதாதா?

போதாது. போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்கிறோம். அசல் போலக் காட்டப்படும் பொருள் அது. இந்த வெயிலோ அசல். 2012 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகனில் பல நாள் 25 பாகை செல்சியசைத் தாண்டியது. ஆப்பிள் மரங்கள் அதை நம்பி, வழக்கத்துக்குப் பல வாரம் முன்பே மொட்டவிழ்த்தன. ஏப்ரலில் உறைபனி வந்தது. அந்த ஆண்டு ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 90 விழுக்காடு போயிற்று.

நடுக்குளிர்காலத்தில் உறங்கும் மொட்டு மைனஸ் 20 பாகையையும் தாங்கும். பூ விரிந்துவிட்டால் மைனஸ் 2-க்குச் சற்றுக் கீழே அரை மணி நேரம் போனாலே பத்தில் ஒரு பூ சாகும். மைனஸ் 4-ல் பத்தில் ஒன்பது. மறுநாள் தோப்பைப் பார்த்தால் இதழ்கள் வெள்ளையாகவே இருக்கலாம். ஒரு பூவைக் கிள்ளி நெடுக்காகப் பிளந்தால்தான் நடுவில் சூலகம் கறுத்திருப்பது தெரியும்.

மழை பொய்த்தது என்கிறோமே, அந்தப் பொய்தான் இங்கே பொருந்துகிறது. வருவதாகக் காட்டி, நம்பியவரைக் கைவிடுவது. ஆகவே என் பரிந்துரை 'பொய்வேனில்'. வேனில் என்றதும் நமக்குக் கத்திரி வெயில்தான் நினைவுக்கு வரும் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் 'பொய்யிளவேனில்' வாயில் நிற்காது.

> மார்ச் 1 அல்லது சம இரவு நாளுக்கு முன் வரும் வெப்பமெல்லாம் பொய்வேனில் என்று வரையறுத்துவிடலாமே?

தேதி உதவாது. மார்ச் 1-ல் வசந்தம் தொடங்குகிறது என்பது மாதவாரியாகச் சராசரி எடுக்க வானிலையாளர்கள் வைத்துக்கொண்ட வசதி. மார்ச் 20 வாக்கில் வரும் சம இரவு நாள் சூரியக் கணக்கு. திராட்சைக் கொடிக்கு இரண்டுமே தெரியாது. பிரான்சில் 2021 மார்ச் இறுதியில் நல்ல வெயில், ஏப்ரல் முதல் பாதியில் கடும் உறைபனி. இரண்டு தேதிகளும் தாண்டிய பிறகு வந்த இழப்பு அது! துளிர்களைக் காக்க, திராட்சை வரிசைகளுக்கு நடுவே வாளி வாளியாக மெழுகை ஏற்றி வைத்து விடிய விடியக் காவல் இருந்தார்கள்.

வரையறையை மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்: 'செடிகள் துளிர்க்கும் அளவுக்கு வெப்பம் நீடித்து, துளிர்த்த பின் அவற்றைக் கொல்லும் உறைபனி திரும்பும் நிலை.' உறைபனி திரும்பாவிட்டால் அது வெறும் 'முந்துவேனில்'. இரண்டையும் தனித்தனிச் சொல்லாகவே பட்டியலில் சேர்க்கலாம். அப்படியானால் உறைபனி வரும்வரை எதையும் பொய்வேனில் என்று அழைக்க முடியாது. பிப்ரவரி வெயிலைப் பார்த்தவுடன் முன்கூட்டிச் சொல்வதற்கு இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று குறிப்பும் சேர்க்கக் கோருகிறேன்.