பழைய பாய்ப்படகு திருத்தப் போய்க் கண்டது: அனுபவப் பகிர்வு

கரையூர்த் தம்பி:
மாமாவின் படகைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன், நேராக விஷயத்துக்கு வருகிறேன். 36 அடி, 1970களில் வார்த்த பைபர் உடம்பு. புதுப் பாய், புது பற்றறி, சோலார் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கியதும் திருகோணமலையிலிருந்து அந்தமான், அங்கிருந்து மலேசியா. இதுதான் மாமாவின் திட்டம்.

மேல்தளத்தில் சின்ன ஒழுக்கு. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி வந்து மாட்டுகிற தகடு இருக்கிறதே, அதன் அடியில். சிலிக்கன் பூசிவிடு என்றார் மாமா. கழற்றித் துடைத்துவிட்டுப் பூசுகிறேன் என்றேன். தகட்டின் வெளிப்பகுதி பளபளவென்று இருந்தது. தளத்துக்குள் புதைந்திருந்த இடத்தில் மட்டும் பழுப்புக் கறை, குறுக்கே ஒரு கீறல். வைசில் பிடித்து ஒரு தரம் வளைத்தேன். உடைந்தது. உடைந்த முகத்தில் முக்கால்வாசி கறுப்பு, ஓரத்தில் மட்டும் புது உலோகத்தின் மினுக்கம். அந்த ஓரம்தான் இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்தில் பாய்மரத்தைத் தாங்கி நின்றிருக்கிறது.

மாமா துண்டை வாங்கிப் பார்த்தார். "இது ஒண்டுதானே, லேத்திலை குடுத்துச் செய்விப்பம்" என்றார். மற்றத் தகடுகளைத் தொட விடவில்லை. அவற்றுக்கும் அதே வயது. எனக்கு நித்திரை வருவதில்லை.

வல்வைப் பெரியவர்:
பைபர் என்றால் இப்படித்தான் தம்பி. எங்கள் ஊர் அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்த மரக்கப்பல். வல்வெட்டித்துறையில் கட்டியது, கொண்டுபோனதும் ஊர்க்காரர்தான். மரம் பழுதானால் சொல்லும். தட்டிப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் எனக்கும் மறக்க முடியாத ஒன்று உண்டு. ஊர்காவற்றுறையில் பழைய தோணி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பெயின்ற் எல்லாம் அழகாக இருந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே ஊசித்துளை அளவில் சில ஓட்டைகள். பேனாக்கத்தியை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. பலகையைப் பிளந்தால் உள்ளே விரல் நுழையும் குழாய்கள், சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு. கப்பற்புழு குஞ்சாக நுழைந்து உள்ளே போய்த்தான் பெருக்கும், வாசல் பெரிதாவதே இல்லை. சொந்தக்காரர் என்னிடம் கேட்டது பெயின்ற் அடிக்க எவ்வளவு செல்லும் என்றுதான்.

குருநகர் மெக்கானிக்:
ஐயா கோவிக்கக் கூடாது. மரம் சொல்லும் என்று தொடங்கி, சொல்லாத பலகையின் கதையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அன்னபூரணி எனக்கும் பெருமைதான். ஆனால் அதை ஓட்டினவர்கள் அதைக் கட்டிய ஊரில் பிறந்தவர்கள், எந்தப் பலகை எங்கே என்று தெரிந்தவர்கள். கைமாறி வந்த படகுக்குள் என்ன இருக்கிறது என்பது கழற்றினால்தான் தெரியும், அது மரமென்ன, பைபர் என்ன.

என் கதை சின்னது. ஒரு பழைய படகில் கழிப்பறைக்குக் கடல்நீர் வரும் வால்வு இறுகிக் கிடந்தது. ஸ்பானர் சாவிகூடப் போடவில்லை, கையால் திருப்பினேன், கழுத்தோடு வந்துவிட்டது. உடைந்த இடம் பித்தளை நிறமே இல்லை, இளஞ்சிவப்பு. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை உருவித் திணித்துத்தான் தண்ணீரை நிறுத்தினேன்.

இனித் தம்பிக்குச் சொல்கிறேன். பித்தளையிலுள்ள நாகத்தை (சிங்க்) கடல்நீர் மெல்ல மெல்லக் கரைத்துவிடும், மிஞ்சுவது பலமில்லாத செம்பு. நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கல வால்வுதான் வேண்டும். ஒவ்வொன்றிலும் அந்த ஓட்டைக்கு அளவான கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தகட்டைப் பற்றி: ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஒட்சைட்டுப் படலம். ஒட்சிசன் பட்டால் அந்தப் படலம் தானே புதுப்பித்துக்கொள்ளும். உப்புத்தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் அது நடக்காது. வெளியே மினுக்கமும் உள்ளே கீறலும் அதனால்தான். மேலே சிலிக்கனைப் பூசினால் அந்தத் தண்ணீரை உள்ளேயே அடைத்துவைக்கிறோம். அந்தக் காலப் பைபர் படகுகள் பலவற்றின் தளத்தில் இரண்டு பைபர் அடுக்குக்கு நடுவே லேசான பால்சா மரம் இருக்கும். ஒழுக்கு இருந்த இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மந்தமாகக் கேட்டால் உள்ளே உக்கிவிட்டது. கம்பிகளும் 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்ற வேண்டியவை. இன்னொன்று, சோளகம் தொடங்கும் மே மாதம் வங்கக்கடலில் புயலும் வருகிற மாதம். அம்பன் 2020 மேயில்தான் வந்தது.

பருத்தித்துறை அக்கா:
எல்லோரும் இரும்பையும் மரத்தையுமே கதைக்கிறீர்கள். நான் தையல்காரி. கிழிந்த பாய் ஒன்றைத் தைக்கத் தந்தார்கள். வீட்டில் விரிக்க இடமில்லாமல் சனசமூக நிலைய மண்டபத்தில் விரித்தேன். துணி நல்ல துணி, இழுத்தால் விறைப்பாக நின்றது. கிழிசலுக்குப் பக்கத்துத் தையலில் நகத்தை வைத்து ஓட்டினேன். நூல் தூளாக உதிர்ந்தது. அடுத்த தையல், அதற்கடுத்தது, எல்லாம் அப்படித்தான். துணிக்கு முதல் நூலைத்தான் வெயில் தின்கிறது, அது துணிக்கு மேலே முழுக்க வெயிலில் கிடக்கிறதே.

முழுப் பாயையும் திரும்பத் தைக்க வேண்டும் என்றேன். கிழிசலை மட்டும் தைத்துத் தாங்கோ அக்கா, அவசரம் என்று கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் படகு எந்தக் கரையில் நிற்கிறது என்று இன்றைக்கும் தெரியாது. தம்பி, மாமா வாங்கிய புதுப் பாயை மறைப்புப் போடாமல் வைத்திருக்க வேண்டாம்.

சுன்னாகம் வெல்டிங்:
மெக்கானிக் அண்ணை நீளமாக எழுதினாலும் இந்தத் தம்பி மாமாவிடம் என்ன சொல்லுவார்? மூத்தவரோடு வாதாட வேண்டாம், கண்ணால் காட்டுங்கள். எங்கள் பட்டறையில் வெடிப்புப் பார்க்கச் சிவப்புச் சாயம் பாவிக்கிறோம். தகட்டை நன்றாகக் கழுவிக் காயவிட்டுச் சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் ஸ்பிரேயை மெல்லிசாக அடியுங்கள். கீறல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வரும். தகட்டைக் கழற்றித்தான் செய்ய வேண்டும், புதைந்த பகுதிதானே சந்தேகம். ஒரு தகட்டை மட்டும் கழற்ற மாமாவைச் சம்மதிக்க வைத்தால் போதும். இரண்டு ஸ்பிரேயும் என்னிடம் பாதிப் பாதி மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் பட்டறைக்கு வாருங்கோ, மாமாவையும் கூட்டிக்கொண்டு.