மெமரியை அழித்ததும் சைன் 30 தப்பாக வருகிறது

முக்கோணம்:
தேர்வு அறைக்குள் போகுமுன் கால்குலேட்டர் மெமரியை முழுசாக அழிக்க வேண்டும் என்பது விதி. என்னுடையது டிஐ-84 கிராஃபிங் கருவி. அழித்துவிட்டு சைன் 30 போட்டால் 0.5 வருவதில்லை, −0.988 வருகிறது. 500 நானோமீட்டர் ஒளிக்கு ஃபோட்டான் ஆற்றல் கேட்டால் 10⁻³⁷ ஜூல் என்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா? பேட்டரி பழுதா?

மடக்கை:
பேட்டரி மேல் பழி போடாதீங்க. இரண்டும் வெவ்வேறு கோளாறு.

முதலாவது: டிஐ-84-ஐ ரீசெட் செய்தால் கோண அளவு ரேடியனுக்குப் போய்விடும். 30 ரேடியனின் சைன் −0.988 தான், கருவி சரியாகத்தான் சொல்கிறது. மோட் பொத்தானை அழுத்தி, ரேடியன், டிகிரி இருக்கும் வரியில் டிகிரி மேல் கர்சரை வைத்து என்டர் தட்டணும். வெறுமனே நகர்த்திவிட்டு வெளியே வந்தால் மாறாது, பலர் கோட்டை விடும் இடம் இதுதான். ரீசெட் ஆனதும் சைன் 30 அடித்துப் பார்த்துவிட்டு வினாத்தாளைத் திறங்க.

இரண்டாவது: பிளாங்க் மாறிலி × ஒளிவேகம் ÷ அலைநீளம் என்பதை 6.63×10^−34×3×10^8÷500×10^−9 என்று நீளமாக அடித்திருப்பீங்க. கருவி இடமிருந்து வலமாகப் போகும். 500-ஆல் மட்டும் வகுத்துவிட்டு, 10⁻⁹-ஆல் பெருக்கிவிடும். சரியான விடை 3.98×10⁻¹⁹. உங்களுக்கு வந்தது 3.98×10⁻³⁷. இடையில் 10¹⁸ மடங்கு! 2என்டி அழுத்திக் கமா பொத்தானைத் தட்டினால் ஈஈ வரும், ‘பெருக்கல் பத்தின் அடுக்கு’ என்று அர்த்தம். 500 ஈஈ −9 என்றால் முழுவதும் ஒரே எண். அந்த −9-க்கு, என்டருக்கு இடப்பக்கம் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மைனஸைத்தான் அழுத்தணும். கழித்தல் பொத்தானை அழுத்தினால் சின்டாக்ஸ் பிழை.

கூம்பு:
ஈஈ-யில் இன்னொரு பொறி: 10⁶ வேண்டும் என்று 10 ஈஈ 6 அடித்தால் 10⁷ ஆகிவிடும். 1 ஈஈ 6 தான் சரி.

இருபடிச் சமன்பாட்டிலும் கவனம். x² − 5x + 6 = 0-க்கு b²−4ac கண்டுபிடிக்க −5²−4×1×6 என்று அடித்தால் −49 வரும். வர்க்கம் முதலில், மைனஸ் பிறகு என்பது கருவியின் கணக்கு. வர்க்கமூலம் போட்டதும் மெய்யெண் விடை இல்லை என்று பிழை காட்டும். (−5)² என்று அடைப்புக்குறி போட்டால் 25−24 = 1, மூலங்கள் 2, 3. அதே மாதிரி 1/2π என்று ஒரே வரியில் அடித்தால் 1.57 வரும், வேண்டியது 0.159. கீழே வரும் 2π முழுவதையும் அடைப்புக்குள் போடுங்க.

முக்கோணம்:
டிகிரி, ஈஈ இரண்டும் சரியாகிவிட்டது, நன்றி. இடைவிடைகளைத் தாளில் இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கி எழுதுகிறேன். அதையே அடுத்த படியில் திரும்ப அடிக்கலாமா?

மடக்கை:
கூடாது. கார்பன்-14 அரை ஆயுள் 5730 ஆண்டு, 20 சதவீதம் மீதி இருக்கும் மாதிரியின் வயது என்ன என்று பாருங்க. சிதைவு மாறிலி, அதாவது ln 2 ÷ 5730, 1.20968×10⁻⁴. அதை 1.2×10⁻⁴ என்று சுருக்கி அடித்தால் வயது 13,412 ஆண்டு. சுருக்காமல் போட்டால் 13,305. நூறு ஆண்டுக்கு மேல் பிசகு, அதுவும் முறை முழுக்கச் சரியாக இருக்கும்போது! தாளில் சுருக்கி எழுதுவதில் தப்பில்லை. கருவியில் மட்டும் முந்தைய விடையை முழுசாகத் தரும் ஆன்ஸ் பயன்படுத்துங்க, அல்லது சேமிக்கும் பொத்தானான ஸ்டோ போட்டு ஓர் எழுத்தில் சேமித்து அதையே கூப்பிடுங்க. கடைசி விடையைத்தான் சுருக்கணும், கேள்வியில் மூன்று முக்கிய இலக்கம் கொடுத்திருந்தால் விடையிலும் மூன்று.

கூம்பு:
ஒன்று விட்டுப்போச்சு. சைன் தலைகீழ் 0.5-க்கு கருவி 30 மட்டும்தான் தரும். 0 முதல் 360 வரை கேட்டிருந்தால் 150-ஐ நீங்களேதான் எழுதணும்.