கலைச்சொல்: ‘கைமிகை’ சரிப்படுமா?

வணக்கம்.

ஒரே சேர்மம் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் இருக்கலாம். கலவையில் ஒரு வடிவம் மற்றதைவிட எத்தனை விழுக்காடு மிகுதி என்பதே ‘எனான்ஷியோமெரிக் எக்ஸஸ்’. அதற்குத் தமிழில் பரிந்துரையாக வந்த ‘ஆடி மிகை’ எனக்கு ஒட்டவில்லை. ஆடி கண்ணாடிதான், ஆனால் சேலத்தில் இதை எழுதினால் கோட்டை மாரியம்மன் பண்டிகையா, துணிக்கடைத் தள்ளுபடியா என்று கேட்பார்கள். ஒளியை வலப்புறம் சுழற்றும் வடிவத்தை வைத்துச் சொன்ன ‘வலஞ்சுழி மிகை’யும் ஆகாது. மிஞ்சுவது இடஞ்சுழியாகவும் இருக்கலாம், தவிர, நாம் அளக்கப் பயன்படுத்தும் ஜி.சி. (ஆவியிலுள்ள பொருள்களைக் குழாய் வழியே பிரிக்கும் கருவி) ஒளிச்சுழற்சியை அளப்பதே இல்லை.

அது காட்டுவது வடிவத்துக்கு ஒன்றாக வரைபடத்தில் எழும் இரண்டு பீக்குகளின் (முகடுகளின்) பரப்பை. பைன் கூம்பின் செதில்களைத் திரவ நைட்ரஜன் ஊற்றி அரைத்து, அரை கிராமை 20 மி.லி. குப்பியில் இறுக மூடி, 40 டிகிரியில் வைத்து, மேலே சேரும் ஆவியை உள்ளே செலுத்துகிறோம். (ஏற்காட்டிலிருந்து சில்வர் ஓக் காய் கொண்டுவராதீர்கள். அது ஊசியிலை மரமல்ல, ஓக்கும் அல்ல.) குளிரூட்டாமல் அரைத்தால் பைனீன் (பைன் பிசினின் மணப்பொருள்) பறந்துவிடும், பிசின் உரலோடு அப்பிக்கொள்ளும். ஆல்ஃபா-பைனீனின் இரு வடிவங்களுக்கும் கொதிநிலை ஒன்றே, சுமார் 156 டிகிரி, நிறைநிரலும் (மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைப் பதிவு) ஒன்றே. அதனால் சாதாரணக் குழாயில் ஒரே பீக்தான். இரு வடிவங்களையும் வேறுவேறு அளவில் பிடித்துவைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் (வளையச் சர்க்கரைச் சேர்மம்) வழிப்பொருள் பூசிய குழாய் வேண்டும். அதிலும் ஆவி கூடிப்போனால் பீக் சாய்ந்து பக்கத்ததோடு ஒட்டிக்கொள்ளும். எது முதலில் வரும் என்று ஊகிக்கக் கூடாது. தூய (+) வடிவத்தை, அதாவது வலஞ்சுழியை, தனியாக விட்டுப் பார்த்தே பெயரிட வேண்டும். சுழிமாய்க் கலவை (இரு வடிவமும் சமமாகச் சேர்ந்தது) 50:50 காட்டாவிட்டால், பரப்பை அளக்கப் பீக்கின் அடியில் இழுத்த கோட்டைத் திருத்துங்கள். மாதிரியில் மட்டும் ஒரு பீக் பருத்திருந்தால் அடியில் வேறு டெர்பீன் (பைனீன் இனத்துப் பொருள்) ஒளிந்திருக்கிறதா என்று நிறைநிரலில் பாருங்கள்.

பரப்பு 80:20 என்றால் மிகை 60 விழுக்காடு. 80 என்றே எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கழித்தபின் ஒரு கையில் மிஞ்சுவது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ஆகவே ‘கைமிகை’. அளவு கடத்தலுக்குக் ‘கைமிகுதல்’ என்ற பழைய வினையும் இருக்கிறது.

---

ஐயா, கைமிகைக்கு என் ஆதரவு. ‘சுழிமாய்க் கலவையின் கைமிகை 0’ என்று வாக்கியம் தடையின்றி அமைகிறது. ஆனால் குழாய்க்கும் இதையே நீட்டிக் ‘கைமிகைக் குழாய்’ ஆக்க வேண்டாம். அது பிரிக்கிறது, மிகுக்கவில்லை. ‘கைபிரி குழாய்’ போதும்.

இன்னொன்று: எந்தக் கை என்று சொல்லாத கைமிகை அரைகுறை. ‘கைமிகை 60, (+)’ என்று குறியோடு எழுதச் சொல்லுங்கள். குறியிலிருந்து, அணுக்கள் அமைந்த முறையைச் சொல்லும் ஆர், எஸ் பெயரை ஊகிக்க முடியாது: லிமோனீனில் (+) என்பது ஆர், லினலூலில் (+) என்பது எஸ்.