100 மைக்ரோலிட்டரில் சிடி64-ஆ, எச்எல்ஏ-டிஆர்-ஆ? குறைமாதக் குழந்தைகளுக்கு ஃப்ளோ செய்பவர்கள் உதவவும்

சிறுதுளி கேட்டது:

வணக்கம். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளில் தாமதமாக வரும் செப்சிஸ் (ரத்தத் தொற்று), நெக் எனப்படும் குடல் அழுகல் நோய் ஆகியவற்றின் அபாயத்தை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வு இது. வாரம் ஒருமுறை, வழக்கமான ரத்தம் எடுக்கும்போதே கூடுதலாக 100 மைக்ரோலிட்டர் கிடைக்கும். எதிக்ஸ் ஒப்புதல் ஆகிவிட்டது. ஒளிரும் ஆன்டிபாடி நிறங்களால் அணுக்களை வகை பிரிக்கும் எட்டு நிற ஃப்ளோ சைட்டோமீட்டர் கைவசம் உள்ளது. தொற்றில் நியூட்ரோபில் மேல் ஏறும் சிடி64, நோயெதிர்ப்பு தளரும்போது மோனோசைட் மேல் இறங்கும் எச்எல்ஏ-டிஆர் ஆகியவற்றில் எதை அளப்பது என்பதே கேள்வி. ஒத்திகையிலேயே சிக்கல்:

1. லிம்போசைட் கேட்டுக்குள் (திரையில் அந்த அணுக்களைச் சுற்றிப் போடும் எல்லைக்குள்), வெள்ளையணுவின் அடையாளமான சிடி45 மங்கலான ஒரு கூட்டம் நிற்கிறது. லிம்போசைட்டின் டி, பி, என்கே வகை மூன்றையும் கூட்டினால் 70 சதவீதம்கூட வரவில்லை.
2. ஒரே சாம்பிளில் மோனோசைட் எச்எல்ஏ-டிஆர் காலையில் ஒரு மதிப்பு, மதியம் கிட்டத்தட்ட இரு மடங்கு.
3. ஆபத்து என்று சொல்லும் எல்லையை, அதாவது கட்-ஆஃபை, எங்கே வைப்பது?
4. தொப்புள்கொடி ரத்தம் தாராளமாகக் கிடைக்கிறது. அதை வைத்தே ஓட்டிவிடலாமா?

கேட்_போடுபவர் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அந்த மங்கலான கூட்டம் பெரும்பாலும் கரு உள்ள சிவப்பணுக்கள்தான். குறைமாதக் குழந்தைக்கு முதல் வாரத்தில் அவை ஏராளமாக இருக்கும். சிவப்பணுவைக் கரைக்கும் லைசிங்கில் கரையாது, அளவிலும் லிம்போசைட் மாதிரியே தெரியும். ஃபார்வர்டு, சைடு ஸ்கேட்டரை (அணுவின் அளவையும் உள்மணித்தன்மையையும் காட்டும் ஒளிச்சிதறலை) மட்டும் பார்த்து கேட் போட்டால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சிடி45-க்கு எதிராக சைடு ஸ்கேட்டர் போட்டு, சிடி45 பிரகாசமாக உள்ளதை மட்டும் எடுங்கள். ஒரு நிறம் மிச்சம் இருந்தால் சிவப்பணுவின் அடையாளமான சிடி235ஏ சேர்த்து அவற்றை வெளியே தள்ளிவிடலாம். த்ரெஷோல்டை (மெஷின் எதை எண்ண வேண்டும் என்ற எல்லையை) ஸ்கேட்டரில் வைக்காமல் சிடி45-இல் வைத்தால் கரையாத சிவப்பணுக் குப்பையும் குறையும்.

டி, பி, என்கே மூன்றின் கூட்டுத்தொகை 95 முதல் 105 சதவீதத்துக்குள் வரவேண்டும். வராத சாம்பிளின் சதவீதங்களை ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள். என்கே அணுக்களுக்கு சிடி56-ஐ மட்டும் நம்ப வேண்டாம், பச்சிளங்குழந்தையில் மங்கலாகத் தெரியலாம். சிடி16-ஐயும் சிடி56-ஐயும் ஒரே நிறத்தில் போடுங்கள்.

ஹெமட்டாலஜி அனலைசரின் வெள்ளையணு எண்ணிக்கையும் இதே காரணத்தால் ஏறித் தெரியும். திருத்தம்: எண்ணிக்கையை 100-ஆல் பெருக்கி, 100-உடன் கரு உள்ள சிவப்பணு எண்ணிக்கையைக் கூட்டி வகுக்க வேண்டும். மெஷின் 18,000 காட்டி, 100 வெள்ளையணுவுக்கு 50 கரு உள்ள சிவப்பணு இருந்தால் உண்மை எண்ணிக்கை 12,000. சில மெஷின்கள் தாமே திருத்திவிட்டுத்தான் அச்சிடும். அதை உறுதி செய்யாமல் திருத்தினால் இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

லைசிங் சொல்யூஷனை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, ஊற்றாதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரட்டும். பெரியவர் ரத்தத்துக்கு 15 நிமிடம் விடுவதை இங்கே 20 வரை நீட்டலாம். ஆனால் ஆய்வு முழுக்க ஒரே நேரம்தான் இருக்கவேண்டும்.

பனிக்கட்டி_டப்பா பதில்:

இரண்டாவது கேள்வி. எச்எல்ஏ-டிஆர் ஏறியதற்குக் குழந்தை காரணமில்லை, மேசைதான் காரணம். அறை வெப்பநிலையில் சாம்பிள் கிடந்தால், மோனோசைட்டுக்குள் இருக்கும் எச்எல்ஏ-டிஆர் மேற்பரப்புக்கு வந்துவிடும். ஈடிடிஏ (ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள்) குழாயில் எடுத்த உடனே 4 டிகிரிக்கு மாற்றி, நான்கு மணி நேரத்துக்குள் ஸ்டெயின் செய்யுங்கள். ஹெப்பாரின் குழாய் வேண்டாம். இரவு எடுத்ததைக் காலையில் ஓட்டும் வழக்கம் உங்கள் வார்டில் இருந்தால் இந்த அளவீட்டையே கைவிடுவது நல்லது.

இன்னொரு இடத்திலும் வழுக்கும். மோனோசைட்டைப் பிரிக்க எச்எல்ஏ-டிஆரையே பயன்படுத்தினால், அது குறைந்துபோன அணுக்கள் கேட்டுக்கு வெளியே விழுந்துவிடும். நீங்கள் தேடுவதே அவற்றைத்தான்! மோனோசைட்டின் அடையாளமான சிடி14-உம் சைடு ஸ்கேட்டரும் வைத்துக் கேட் போடுங்கள். மதிப்பைப் பிரகாச எண்ணாகச் சொல்லாமல், பிரகாசம் தெரிந்த அளவுமணிகளான குவாண்டிப்ரைட் பீட்ஸ் வைத்து ஓர் அணுவுக்கு எத்தனை ஆன்டிபாடி என்று மாற்றினால்தான் போன மாத மதிப்போடு ஒப்பிட முடியும். பெரியவர்களுக்குச் சொல்லும் 8,000 என்ற எல்லையை இங்கே கொண்டுவர வேண்டாம். பச்சிளங்குழந்தைக்கு அது இயல்பிலேயே குறைவு, குறைமாதத்தில் இன்னும் குறைவு. ஹைட்ரோகார்ட்டிசோனோ டெக்சாமெத்தசோனோ ஓடிக்கொண்டிருந்தால் மேலும் இறங்கும்.

நியூட்ரோபில் சிடி64 இதற்கு நேரெதிர். ஒரு நாள் வரை அறை வெப்பநிலையில் தாங்கும், 50 மைக்ரோலிட்டர் போதும். கிருமி நுழைந்த சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். அதே குழாயில் சிடி64 இல்லாத லிம்போசைட் நெகட்டிவ் கன்ட்ரோல், எப்போதும் அது உள்ள மோனோசைட் பாசிட்டிவ் கன்ட்ரோல். நியூட்ரோபிலைப் பெருக்கும் ஜி-சிஎஸ்எஃப் மருந்து கொடுத்திருந்தால் தொற்றே இல்லாமலும் ஏறும், மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைப்புக்கு என் பதில்: ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால் சிடி64. இரவு ட்யூட்டி சாம்பிளையும் அது காப்பாற்றும்.

இன்குபேட்டர்_பக்கம் பதில்:

வார்டு பக்கத்திலிருந்து. முதலில் ரத்தக் கணக்கு. குறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 90 மில்லி என்று வைத்தால், 750 கிராம் குழந்தையின் உடலில் மொத்தமே 67 மில்லிதான். ஆய்வுக்கென எடுப்பது ஒரு தடவைக்கு 1 சதவீதமும் நான்கு வாரத்தில் 3 சதவீதமும் தாண்டக்கூடாது என்பது குழந்தைகள் மருந்தாய்வுக்கான ஐரோப்பிய வழிகாட்டுதல். அதாவது ஒரு தடவைக்கு 0.67 மில்லி, நான்கு வாரத்தில் 2 மில்லி. உங்கள் 100 மைக்ரோலிட்டர் இதற்குள் அடங்கும். ஆனால் சாம்பிள் உறைந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அதே கணக்கில்தான் ஏறும்.

கட்-ஆஃப் விஷயத்தில் ஒற்றை எண்ணைத் தேடாதீர்கள். நியூட்ரோபில் எண்ணிக்கை பிறந்த முதல் நாளில் மணிக்கு மணி மாறும். அதனால்தான் 1979-இல் மன்ரோ குழு கொடுத்த வரைபடம் வயதை மணிக்கணக்கில் காட்டுகிறது. மிகக் குறைந்த எடைக் குழந்தைகளுக்கு 1994-இல் மௌசின்ஹோ குழு தனி எல்லைகள் கொடுத்தது, அங்கே கீழ் எல்லை இன்னும் தாழ்ந்திருக்கிறது. தாய்க்கு ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோய்) என்றால் முதல் சில நாள் நியூட்ரோபில் குறைவாகவே இருக்கும், அது தொற்று இல்லை. குழந்தை வீறிட்டு அழுதபின் எடுத்தால் ஏறும். குதிகாலில் எடுத்ததையும் தமனியில் எடுத்ததையும் ஒரே கோட்டில் வரையாதீர்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் கர்ப்ப வாரம், பிறந்த மணி, எடுத்த இடம், ஸ்டீராய்டு, ரத்தம் ஏற்றிய தேதி இந்த ஐந்தும் வேண்டும். இல்லாத வரியை அனாலிசிஸில் சேர்க்க மாட்டேன்.

குழந்தையை அதன் சொந்தப் பழைய மதிப்போடு ஒப்பிடுவதுதான் பலன் தரும். நெக் வரும்போது மோனோசைட் எண்ணிக்கை முந்தைய மதிப்பிலிருந்து சரிவது தெரிந்த விஷயம். அதற்கு ஃப்ளோவே வேண்டாம், வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணும் வழக்கமான சிபிசி டிஃபரன்ஷியலிலேயே கிடைக்கிறது. கூடுதல் ரத்தம் எடுக்குமுன் அதை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. சந்தேகத்தில் பரிசோதித்த 100 குழந்தைகளில் 10 பேருக்குச் செப்சிஸ், சோதனையின் சென்சிட்டிவிட்டி (நோயுள்ளோரைப் பிடிக்கும் திறன்), ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதோரைச் சரியாக விலக்கும் திறன்) இரண்டும் 80 சதவீதம் என்று கொள்வோம். பாசிட்டிவ் வருவது 26, அதில் உண்மை 8. நெகட்டிவ் 74, அதில் தப்பவிட்டது 2. நெகட்டிவ் பக்கம்தான் பலம். ஆனாலும் அந்த இரண்டு பேர் 750 கிராம் குழந்தைகள். சிடி64 நெகட்டிவ் என்பதற்காக மட்டும், கல்ச்சர் முடிவு வருமுன் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

தொப்புள்கொடி ரத்தம் வேண்டாம். 2018-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா குழு 100 குழந்தைகளில், அதில் பாதி 30 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், தலா 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இதைப் பார்த்தது. கொடி ரத்தத்தின் அணுக்கூட்டம் பின்னால் குழந்தையிடம் எடுத்த ரத்தத்தைப் பிரதிபலிக்கவில்லை. முதல் மூன்று மாதத்தில் குறைமாதமும் நிறைமாதமும் ஒரே பாதைக்கு நெருங்கி வந்தன. அதனால் முதல் வாரத்து வித்தியாசத்தை அப்படியே நீட்டிப் பார்க்கவும் முடியாது.

சிறுதுளி:

மிக்க நன்றி. சிடி45 கேட் மாற்றியதும் கூட்டுத்தொகை 96-க்கு வந்துவிட்டது. ஆனால் கவுண்டிங் பீட்ஸ் (எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகள்) போட்டு எடுக்கும் எண்ணிக்கை, ஒரே சாம்பிளை இரண்டு குழாயில் போட்டாலும் ஒத்துப்போவதில்லை.

கேட்_போடுபவர் பதில்:

பிப்பெட்டைப் பாருங்கள். ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 55, 60 சதவீதம் இருக்கும் ரத்தம் டிப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். ரிவர்ஸ் பிப்பெட்டிங் (தேவைக்குச் சற்று மேல் உறிஞ்சி, தேவையானதை மட்டும் விடுவது) செய்து, டிப்பின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, குழாயின் அடியில் விடுங்கள். சுவரில் பூசினால் அந்தத் துளிக்கு ஆன்டிபாடி போகாது, நெகட்டிவ் கூட்டமாகத் தெரியும். பீட்ஸ் போட்ட குழாயைக் கழுவவே கூடாது, கழுவும்போது பீட்ஸும் அணுவும் ஒரே விகிதத்தில் போவதில்லை. 500 மைக்ரோலிட்டர் ஈடிடிஏ குழாயில் 100 மட்டும் எடுத்தால் ஈடிடிஏ செறிவு அதிகமாகி அணுக்கள் சுருங்கும், 100 அல்லது 200 அளவுள்ள காபிலரி குழாய் வாங்குங்கள். குதிகாலில் முதல் துளியைத் துடைத்துவிட்டு, எடுத்த கையோடு எட்டுப் பத்து முறை கவிழ்த்துக் கலக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்ன உறைகட்டி ஒன்று இருந்தாலே இரண்டு குழாயும் ஒத்துப்போகாது.