ஒரே அடுப்பு, ரெண்டு உடம்பு: வீட்டு குரூப்ல பொட்டாசியம் பேச்சு

கார்த்தி: அப்பாவுக்கு பிபி 150/94 காட்டுது. கடையில சோடியம் கம்மியான உப்பு பார்த்தேன், பொட்டாசியம் குளோரைடு கலந்தது. மொத்த சமையலுக்கும் அதையே போட்டுடலாமா சித்தி?

மீனா சித்தி: பொறு, வாங்காத. அப்பத்தாவும் அதே குழம்பைத்தானே ஊத்திக்கிறாங்க? அவங்க கடைசி ரத்த ரிப்போர்ட்ல கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின், அப்புறம் பொட்டாசியம், ரெண்டும் எவ்வளவு?

கார்த்தி: கிரியாட்டினின் 2.1. பொட்டாசியம் 5.4.

செல்வம் மாமா: மாத்திரை?

அம்மா: அவருக்கு பிபி மாத்திரை ஆம்லோடிபின் மட்டும்தான் தம்பி. அத்தைக்கு டெல்மிசார்டன் 40.

செல்வம் மாமா: அப்ப அந்த உப்பு வீட்டுக்குள்ளயே வரக் கூடாதுக்கா. டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் இந்த பிபி மாத்திரைங்க எல்லாம் பொட்டாசியம் ஒண்ணுக்குல போறதைக் குறைக்கும். கிரியாட்டினின் 2.1ன்னா அத்தைக்குக் கிட்னியும் தளர்ந்திருக்கு, அதனால சரசரன்னு ஏறிடும். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அது கிட்னிக்காகவும் எழுதியிருக்கலாம்.

மீனா சித்தி: நூத்துக்கு 25 பங்கு பொட்டாசியம் குளோரைடு இருக்கிற உப்புல 5 கிராம் எடுத்தா 650 மில்லிகிராம் பொட்டாசியம் வந்துடும். அத்தைக்கு அது தாங்காது. மத்தபடி நல்ல உப்புதான். சீனாவுல 600 கிராமங்கள்ல கிட்டத்தட்ட 21,000 பேரை வச்சுப் பார்த்து 2021ல முடிவு வந்துச்சு, பக்கவாதம் 14 சதவீதம் குறைஞ்சிருந்தது. தீவிர கிட்னி நோய் இருக்கிறவங்களை அதுல சேர்க்கல. உலக சுகாதார நிறுவனம் 2025ல இந்த உப்பைப் பரிந்துரைச்சப்பவும் கிட்னி நோயாளி, கர்ப்பிணி, குழந்தைங்க இவங்களை விட்டுட்டுத்தான் சொல்லியிருக்கு.

கார்த்தி: அப்பாவுக்கு அப்ப என்ன வழி?

மீனா சித்தி: முதல்ல அவருக்கும் கிரியாட்டினின், எலக்ட்ரோலைட்ஸ் (ரத்தத்துல சோடியம், பொட்டாசியம் மாதிரி உப்புகளோட அளவு) பார்த்துடு. சரியா இருந்தா சாப்பாட்டுலயே ஏத்திக்கலாம். ஒரு நாளைக்கு 3,500 மில்லிகிராம் வேணும். பொட்டாசியம் போதுமான அளவு போனா கிட்னி சோடியத்தை ஒண்ணுக்குல தள்ளிவிடும், ரத்தக் குழாயும் தளரும். பிபி இறங்குறது அதனாலதான்.

மீனா சித்தி: நம்ம ஊர்ல சிக்கல் என்னன்னா தட்டு நிறைய வெள்ளைச் சோறு, ஓரமா ஒரு கரண்டி காய். வெந்த சோறு 100 கிராம்ல 35 மில்லிகிராம்தான். அதுவே கீரை 100 கிராம்ல 500க்கு மேல, ஒரு வாழைப்பழம் 400, துவரம்பருப்பு 30 கிராம் போட்டா 400, ஒரு கப் தயிர் 300, ஒரு டம்ளர் இளநீர் 500. சோத்தைப் பாதியாக்கி காய், பருப்பைக் கூட்டினாலே கணக்கு வந்துடும். தனியா மாத்திரை எதுவும் வாங்கிப் போட வேண்டாம்.

அம்மா: ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஆக்க முடியாது மீனா.

மீனா சித்தி: தனியா ஆக்க வேண்டாம்க்கா, பிரிக்கிற இடம் மட்டும் மாறணும். பொட்டாசியம் தண்ணியில கரையும், அதை வச்சே சமாளிக்கலாம். கீரையைப் பொடியா அரிஞ்சு நிறையத் தண்ணியில வேக வச்சு வடிச்சுடு, அத்தை பங்கை அதுலேர்ந்து எடு. அத்தானுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி தெளிச்சு வேக வச்சு அப்படியே மசி. சாம்பார்ல அத்தைக்குக் காயை மட்டும் அரிச்செடுத்துப் போடு, தண்ணியை ஊத்தாத. பருப்புத் தண்ணியில வைக்கிற ரசமும் அவங்களுக்கு வேண்டாம், கரைஞ்சது முழுக்க அதுலதான் நிக்கும்.

கார்த்தி: உருளைக்கிழங்கை ராத்திரி பூரா தண்ணியில ஊற வச்சா போதும்னு ஒரு வீடியோல சொல்றாங்களே?

மீனா சித்தி: போதாது. பச்சையா ஊற வச்சா பெருசா ஒண்ணும் இறங்காது, கிழங்கோட செல் உடையணும். தோலைச் சீவி சின்னச் சின்னத் துண்டா வெட்டி, நிறையத் தண்ணியில கொதிக்க விட்டு வடிச்சா பாதி போயிடும். துருவி வேக வச்சா இன்னும் குறையும். முழுக் கிழங்கா குக்கர்ல வச்சா உள்ளயேதான் இருக்கும். அத்தைக்கு சுரைக்காய், சௌசௌ, பீர்க்கங்காய் பரவாயில்ல. பழம்னா ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி, அதுவும் ஒரு வேளைக்கு ஒரு சின்னத் துண்டு. நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது, கிட்னி போனவங்களுக்கு அது மூளையைத் தாக்குற விஷம்.

செல்வம் மாமா: அக்கா, அத்தை முழங்கால் வலிக்கு ஏதாவது கடையில வாங்கிப் போடுறாங்களா?

அம்மா: டைக்ளோபினாக். வாரத்துல மூணு நாலு.

செல்வம் மாமா: முதல்ல அதை நிறுத்துங்க! டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் ரெண்டுமே கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைச்சு பொட்டாசியத்தை ஏத்தும். டெல்மிசார்டனோட சேர்ந்தா இன்னும் மோசம். மேல தடவுற களிம்புன்னாலும் டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க. மலச்சிக்கல் இருந்தா அதையும் சொல்லுங்க, கிட்னி கைவிட்டப்புறம் குடல் வழியாத்தான் கொஞ்சமாவது வெளிய போகும்.

கார்த்தி: 5.4ங்கிறது ரொம்ப அதிகமா மாமா?

செல்வம் மாமா: 3.5லேர்ந்து 5.0 வரைக்கும் சரியான அளவு. இது கொஞ்சம் கூடுதல், விடக் கூடாது. டாக்டர்கிட்ட கேட்டு இந்த வாரமே திரும்ப எடு. கையில பட்டையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மூடித் திறக்கச் சொல்லி எடுத்தா பொய்யா ஏறிக் காட்டும். எடுத்த ரத்தத்துல சிவப்பணு உடைஞ்சாலும் அப்படித்தான், உள்ள இருக்கிற பொட்டாசியம் சீரத்துல, அதாவது சோதிக்கிற தெளிஞ்ச தண்ணியில, கலந்துடும். கை கால் துவண்டாலோ, நெஞ்சு படபடன்னு தப்பித் தப்பி அடிச்சாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காத, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஈசிஜி எடு. 6 தாண்டினா எந்த அறிகுறியும் இல்லாட்டியும் உடனே போகணும், சொல்லாம கொள்ளாம இதயம் நின்னுடும்.

அம்மா: சாதா உப்பு எவ்வளவு போடட்டும்?

மீனா சித்தி: ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், தலை தட்டின ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதுக்குள்ளயே வரணும். மூணு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் ரெண்டு மாசத்துக்கு மேல ஓடணும்க்கா. பாக்கெட் பிரிச்ச தேதியை உப்பு டப்பா மேல எழுதி வை.

கார்த்தி: நாளைக்குக் காலையில ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துட்டு இங்கயே ரிப்போர்ட் போடுறேன்.

செல்வம் மாமா: அதுவரைக்கும் அப்பத்தாவுக்கு இளநீர் கொடுக்காதடா, கேட்டு அடம்பிடிச்சாலும்.