தம்பிக்கும் எனக்கும் ஒரே பைக்: எதை எடுக்கலாம்?

வணக்கம் மக்களே. நான் பத்து வருஷமா வண்டி ஓட்டுறேன், தம்பி லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்ட ஒரு மிடில்வெயிட் ஸ்போர்ட்ஸ் பைக் தேடுறோம்.

எனக்கு யமஹா ஆர்7 மேலதான் கண்ணு. 689 சிசி ட்வின் (ரெண்டு சிலிண்டர்), கீழ் ஆர்பிஎம்லயே, அதாவது எஞ்சின் மெதுவா சுத்தும்போதே, நல்ல இழுவை. ஆனா சீட் உயரம் 835 மி.மீ. உட்கார்ந்து பார்த்தப்போ தம்பிக்குக் கால் நுனி மட்டும்தான் தரையில பட்டுச்சு. ஹேண்டில்பாரைக் குனிஞ்சு பிடிச்ச பத்தாவது நிமிஷம் என் மணிக்கட்டும் கெஞ்ச ஆரம்பிச்சுடுச்சு. கவாசாகி நிஞ்ஜா 650 சீட் வெறும் 790 மி.மீ., அவன் பாதம் ஊன்றி நின்னான். ஹோண்டா சிபிஆர்650ஆர் நாலு சிலிண்டர் சத்தம் ஆளை மயக்குது, ஆனா எடை 200 கிலோவுக்கு மேல. 600 சிசி சூப்பர்ஸ்போர்ட் (ரேஸ் டைப் வண்டி) பக்கமே போகல. உச்சி ஆர்பிஎம்ல சீறுற வண்டியைப் புது ஆள் கையில குடுக்க மனசு வரல.

நிஞ்ஜா எடுத்தா ஒரே வருஷத்துல எனக்குச் சலிச்சுடுமா? ஆர்7-ல சஸ்பென்ஷனை இறக்கி ஓட்டினவங்க இருக்கீங்களா, வளைவுல கையாளுறது கெட்டுப்போச்சா? ரெண்டையும் ஓட்டினவங்க சொல்லுங்க. "லிட்டர் பைக் (1000 சிசி) எடு"ன்னு மட்டும் வந்துடாதீங்க, இதுக்கே அம்மா இன்னும் ஒத்துக்கல.